ஒளிரும் பலகையும் ஒலிக்கும் குரலும்

தமிழிலக்கிய வகைகளுள் வழிகாட்டுவதற்கென்றே தோன்றிய வகை ஒன்று உண்டு. ஆற்றுப்படை என்பது அதன் பெயர். பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன் ஒருவன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கலைஞனை நிறுத்தி, இன்ன வழியே சென்றால் இன்ன வள்ளலைக் காணலாம் என்று ஆற்றுப்படுத்துவது அதன் அமைப்பு. பத்துப்பாட்டில் சரிபாதி, அதாவது ஐந்து நூல்கள், இவ்வகையைச் சார்ந்தவை. அவற்றுள் மலைபடுகடாத்தை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் நாம் வியந்து நிற்பது நன்னனுடைய கொடைச் சிறப்பைக் கண்டு அன்று. வழியைப் பற்றிப் பெருங்கௌசிகனார் தரும் குறிப்புகளைக் கண்டே. பன்றிகளுக்கென வைத்த பொறிகள் வழியில் இருக்கும், பாம்புகள் உறையும் இடங்கள் இருக்கும், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் மேலே பாயக்கூடும், பாறை வழுக்கும் என்றெல்லாம் அவர் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறார். முன்பின் அறியாத ஊருக்குச் செல்லும் ஒருவனுடைய நெஞ்சில் என்னென்ன அச்சம் எழும் என்பதை எண்ணிப்பார்த்துச் சொன்ன சொற்கள் அவை.

நம் காலத்துப் பாணனும் பொருநனும் மலைவழியே செல்வதில்லை. கையில் ஒரு பையும் தோளில் ஒரு குழந்தையுமாகப் பேருந்து நிலையத்திலோ தொடர்வண்டி நிலையத்திலோ நின்றுகொண்டு அண்ணாந்து பார்க்கிறார்கள். அங்கே ஒளிரும் பலகை ஒன்று இருக்கிறது. இன்றைய ஆற்றுப்படை அதுவே எனலாம். இந்தப் பலகைகளாலும் கணினி வழிப்பட்ட திறன்மிகு கருவிகளாலும் நம் பயண நிலையங்களுக்குப் புத்துயிர் ஊட்டலாம் என்ற பேச்சு இப்போது எங்கும் கேட்கிறது. ஊட்டலாம் என்பதில் நமக்கும் ஐயமில்லை. எவருக்காக ஊட்டப்படும் உயிர் என்பதே நம் கேள்வி.

இக்கேள்வியை நம் கண்முன் நிறுத்திய நிகழ்ச்சி ஒன்று அண்மைக்காலத்தில் சென்னையிலேயே நடந்தது. சென்னை சென்ட்ரல் நிலையம் 1873ஆம் ஆண்டு எழுந்தது. ஜார்ஜ் ஹார்டிங் வரைந்த கட்டடம் அது. பின்னர் ராபர்ட் சிஷோம் என்னும் கட்டடக் கலைஞரின் கைவண்ணமும் அதில் சேர்ந்தது. தொலைவிலிருந்தே மணி காட்டும் அந்தச் சிவந்த கோபுரத்தைக் கண்டு நடையை விரைவுபடுத்தாத பயணி அந்நாளில் இருந்திருக்க முடியாது. இன்றைய வழக்கில் சொல்வதானால், அந்நிலையத்தின் முதல் அறிவிப்புப் பலகை அந்த மணிக்கூண்டுதான். 2019ஆம் ஆண்டு புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி.ஆர். பெயரைப் பெற்ற அந்நிலையத்தில், 2023ஆம் ஆண்டு பிப்ரவரி 26 அன்று ஒரு மாற்றம் செய்தார்கள். வண்டிகளின் வருகை, புறப்பாடு, நடைமேடை எண் ஆகியவற்றை ஒலிபெருக்கியில் அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்தினார்கள். எல்லாச் செய்தியும் பெரிய மின்னணுப் பலகைகளில் வரும். ஐயம் உள்ளவர்கள் தகவல் மையத்தில் கேட்டறியலாம் என்றார்கள். விமான நிலையங்கள் சிலவற்றில் முன்னரே வந்துவிட்ட அமைதி தொடர்வண்டி நிலையத்துக்கும் வந்தது.

உண்மையை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அச்செய்தியைப் படித்தபோது நமக்கு முதலில் ஏற்பட்டது மகிழ்ச்சியே. நிலையத்து இரைச்சலில் தலைவலியோடு வண்டியேறாத ஆசிரியர் நம்முள் யார்? மூன்று மொழிகளில், ஒன்றன்மேல் ஒன்று மோதும் ஒலிபெருக்கிகளில், வாராத வண்டிக்கு வருந்தும் குரல் ஓயாது ஒலிக்க, மடியிலிருக்கும் புத்தகத்தில் ஒரு பக்கத்தைக்கூடப் படித்து முடிக்க இயலாது. எனவே அமைதி வேண்டும் என்று எண்ணிய அதிகாரிகளின் நோக்கத்தை நாம் குறை கூற மாட்டோம். ஆயினும் எதிர்ப்பு உடனே எழுந்தது. பார்வையற்றோர் கேட்டனர், எழுத்தறியாதோருக்காகப் பிறர் கேட்டனர், முதியோர் கேட்டனர். அடுத்த திங்களிலேயே குரல் திரும்பி வந்தது. தவற்றை விரைந்து திருத்திக்கொண்டதற்காக நிருவாகத்தைப் பாராட்டவே வேண்டும். ஆனால் அந்தச் சில நாள்கள் நமக்குக் கற்பித்த பாடத்தை நாம் மறந்துவிடலாகாது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்கு 80 பேர். பெருமைப்படத்தக்க எண்ணிக்கைதான். எனினும் எஞ்சிய இருபதுபேரும் வண்டியேறுகிறவர்களே அல்லவா? மணவீட்டுக்கும் சாவு வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் கூலிவேலைக்கும் அவர்களும் செல்லத்தானே வேண்டும்? அதே கணக்கு, இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 இலட்சம் பேர் என்றும், அவருள் பார்வைக் குறைபாடு உடையோர் 50 இலட்சம் பேர் என்றும் கூறுகிறது. கண் மங்கிய முதியோர் பலர் இக்கணக்கில் வாராதவர்கள். பேருந்து நிறுத்தமும் தொடர்வண்டி நிலையமும் விமான நிலையமும் மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்கனவாக இருத்தல் வேண்டும் என 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுக்குக் கடமை விதித்திருக்கிறது. ஆதலால் குரல் என்பது நிலையம் தன் பயணிக்குச் செய்யும் சலுகை அன்று.

பலகையால் மட்டுமே ஒரு நிலையத்தை நடத்த இயலும் என்று வாதிடுவோர் மேலைநாடுகளைச் சுட்டுவர். மேலைநாட்டுக் கதையையும் சற்றே பார்ப்போம். இத்தாலியில் ஊடினே நகரத்துச் சோலாரி நிறுவனம் உருவாக்கிய மடிப்புத் தகட்டுப் பலகைகளை நம்மில் வெளிநாடு சென்று வந்தோர் கண்டிருப்பர். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு தகட்டுக்கட்டு. வண்டி மாறும்போது அத்தனை தகடுகளும் சடசடவெனப் புரண்டு புதிய ஊர்ப்பெயரைக் காட்டும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் உலகின் பெரிய நிலையங்களை ஆண்டவை இவை. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து நிலையத்தில் இருந்த இத்தகைய பலகையை 2019ஆம் ஆண்டு சனவரியில் கழற்றியபோது அந்நகர மக்கள் உறவினரை வழியனுப்புவதுபோல் வருந்தினர். அப்பலகை தொடர்வண்டி அருங்காட்சியகம் ஒன்றுக்குச் சென்றது. பழம்பொருளின்மேல் கொண்ட பற்று மட்டும் அதற்குக் காரணம் அன்று. அந்தச் சடசட ஒலி எழும்போதெல்லாம், நாளிதழில் ஆழ்ந்திருந்தவரும் தலைநிமிர்வார். 'செய்தி மாறிவிட்டது, பாருங்கள்' என்று பலகையே கூப்பிட்டது. பாஸ்டன் நகரத்து நிலையங்களில் புதிய மின்பலகைகளை வைத்தவர்கள் இதை நன்குணர்ந்தார்கள். ஓசையின்றி இயங்கவல்ல புதிய பலகைக்கு, செய்தி மாறும்போதெல்லாம் பழைய பலகையைப் போல ஒலியெழுப்பச் சொல்லிக்கொடுத்தார்கள். அமைதியான பலகைக்கு அவர்களே மீண்டும் வாய் வைத்தார்கள் என்பது நம் கவனத்திற்குரியது.

இலண்டன் சுரங்க இரயிலின் எம்பேங்க்மென்ட் நிலையத்தில் நடந்ததும் இங்கு நினைவுக்கு வருகிறது. வண்டிக்கும் மேடைக்கும் இடைப்பட்ட வெளியைக் கவனிக்குமாறு பயணிகளை எச்சரிக்கும் குரல், ஆசுவல்ட் லாரன்சு என்னும் நடிகர் பதிவு செய்தது. அவர் 2007இல் மறைந்தபின், அவருடைய மனைவி அக்குரலைக் கேட்பதற்காகவே அந்நிலையத்துக்குச் சென்று அமர்ந்திருப்பாராம். புதிய கருவி வந்து பழைய குரல் நின்றுபோனபோது அவர் நிருவாகத்தை அணுகினார். 2013இல் அந்த ஒரு மேடையில் மட்டும் பழைய குரலை மீண்டும் ஒலிக்கச் செய்தார்கள். புதிய கருவியின் வழியாகவே அதை ஒலிக்கச் செய்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தொழில்நுட்பம் நிலையத்துக்கு உயிர் கொடுக்கும் என்றால், அது இப்படித்தான் கொடுக்கும்.

இனி நம் பக்கத்துக் குறைகளுக்கு வருவோம். ஒரு நகரின் நிலையத்தில், பெயர் வேண்டா, அண்மையில் நாம் இரண்டு மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. நடுக்கூடத்தில் சுவரளவு ஒரு மின்பலகை. அதன் பாதியில் நகைக்கடை விளம்பரமும் அடுக்குமாடி வீட்டு விளம்பரமும் மாறிமாறி ஒளிர்ந்தன. மறுபாதியில் வண்டிகளின் பட்டியல். பொழுது போகாமையால் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு கணக்கிட்டோம். நான்கு பக்கங்கள் கொண்ட பட்டியல். ஒவ்வொரு பக்கமும் தமிழ், இந்தி, ஆங்கிலம் என மூன்று முறை. ஒவ்வொன்றுக்கும் பத்து நொடி. ஆக ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடம். தமிழ் மட்டும் அறிந்த ஒருவர் தமக்குரிய வரியைத் தவறவிட்டால் மீண்டும் இரண்டு நிமிடம் அண்ணாந்து நிற்க வேண்டும். வந்த தமிழ் வரியும் ஓடிக்கொண்டே வந்தது. ஆங்கில எழுத்துக்குப் போதுமான ஒளிப்புள்ளிகள் நம் ணகர ஐகாரத்துக்கும் ழகர ஊகாரத்துக்கும் போதா என்பதை அப்பலகையை வாங்கியவர்கள் எண்ணவில்லை. எழுத்துகள் நொறுங்கிக் கிடந்தன. தமிழாசிரியராகிய நாமே ஓர் ஊர்ப்பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தோம்.

அப்போது எழுபது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர் அருகில் வந்தார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "தம்பி, ஏற்காடு வண்டி எங்கே நிக்கும்?" என்றார். பலகையைக் காட்டினோம். "அது எனக்கு எங்கேப்பா தெரியுது, எல்லாம் நம்பரால்ல ஓடுது" என்றார். அவர் சொன்னது மெய். 2010ஆம் ஆண்டு இறுதியில் வண்டி எண்கள் நான்கு இலக்கத்திலிருந்து ஐந்து இலக்கமாயின. அலுவலர்க்கும் கணினிக்கும் அந்த எண் தேவை. மக்களோ சேரன் என்றும் நீலகிரி என்றும் ஏற்காடு என்றும் பெயரால் அறிந்தவர்கள். பலகையில் எண் பெரிதாகவும் பெயர் சிறிதாகவும் இருப்பது தலைகீழான முறை. நள்ளிரவு கடந்து ஐந்து நிமிடத்தில் புறப்படும் வண்டியை 00.05 என்று மட்டும் எழுதினால், மறுநாள் இரவு வந்து நிற்கும் குடும்பங்கள் எத்தனை! 'இன்று இரவு' என்னும் இரண்டு சொற்களைச் சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?

அம்மையாரை அழைத்துச் சென்று மேடையில் விட்டுவிட்டு வந்தோம். படிக்கட்டில் இறங்கும்போது அவர், "இப்படி யாராவது ஒருத்தர் நின்னாப் போதும் தம்பி" என்றார்.

இது வெறும் வசதியைப் பற்றிய பேச்சு என எண்ணிவிட வேண்டா. 2025ஆம் ஆண்டு பிப்ரவரி 15 இரவு, கும்பமேளாவுக்குச் செல்லத் திரண்ட கூட்டத்தில் புது தில்லி நிலையத்தில் நெரிசல் ஏற்பட்டு 18 பேர் உயிரிழந்தனர். பிரயாக்ராஜ் என்னும் பெயர் கொண்ட இரண்டு வண்டிகள். ஒன்று விரைவு வண்டி, மற்றொன்று சிறப்பு வண்டி. அவற்றைப் பற்றிய அறிவிப்பால் கூட்டம் குழம்பியது எனத் தில்லிக் காவல்துறை அப்போது கூறியது. பயணி ஒருவரின் தலைச்சுமை விழுந்ததே தொடக்கம் எனத் தொடர்வண்டித் துறை அமைச்சர் பின்னர் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். எது முதற்காரணமாயினும் ஒன்று தெளிவு. படிக்கட்டில் நிற்கும் ஆயிரம் பேருக்கு மேடை எண் மாறிற்று என்று சொல்வது விளையாட்டன்று. குரல் மட்டும் இருந்தால் தவறாகக் கேட்பர். பலகை மட்டும் இருந்தால் பலர் பாரார். காதில் விழுந்ததைக் கண்ணால் ஒப்புநோக்கவும், கண்ணில் பட்டதைக் காதால் உறுதி செய்யவும் வழியிருந்தால்தான் கூட்டம் நின்று நிதானிக்கும். இரண்டும் ஒரே நொடியில் ஒரே செய்தியைச் சொல்லவேண்டும். இன்றைய கணினிக்கு இது எளிய வேலை. உண்மையில் திறன்மிகு தொழில்நுட்பம் என்று பெயர் சூட்டத்தக்கது இதுவே.

அமைதி வேண்டுவோருக்கும் அதே தொழில்நுட்பத்தில் விடை உண்டு. நிலையம் முழுவதும் ஒரே ஒலி முழங்க வேண்டுவதில்லை. ஐந்தாம் மேடைச் செய்தி ஐந்தாம் மேடையிலும் நடுக்கூடத்திலும் ஒலித்தால் போதும். வாராத வண்டிக்கு வருந்துவதை ஒருமுறை சொன்னால் போதும். விளம்பரத்தின் ஒலியை முதலில் நிறுத்திவிட்டு, பின்னர் அறிவிப்பின் ஒலி மிகுதியா என்று ஆராயலாம். நிலையத்தின் வருவாய்க்கு விளம்பரம் தேவை என்பர். தேவைதான். ஆயின் பலகையின் நடு இடம் செய்திக்கும் ஓரம் வணிகத்துக்கும் உரியதாகட்டும்.

செல்பேசிச் செயலிகளைப் பற்றி இங்குச் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பரில் வந்த 'சென்னை ஒன்' செயலியில் பேருந்துக்கும் மெட்ரோவுக்கும் புறநகர் வண்டிக்கும் ஒரே பயணச்சீட்டு எடுக்கலாம். நம் மாணவர்கள் அதைப் பயன்படுத்துவதைக் கண்டு மகிழ்கிறோம். ஆனால் நிலையத்தின் கடமையைப் பயணியின் சட்டைப்பைக்கு மாற்றிவிடும் போக்கு இதனோடு மெல்ல நுழைகிறது. 'செயலியில் பாருங்கள்' என்று தகவல் மையத்தில் விடை வந்தால், அங்கு அமர்ந்திருப்பவர் எதற்காக? பார்வையற்றோர்க்கென எசுப்பானியத்தில் உருவான வண்ணக் குறியீடுகளைப் பார்சிலோனா நகரத்துப் பேருந்து நிறுத்தங்களிலும் மெட்ரோ நிலையங்களிலும் ஒட்டியிருக்கிறார்கள். செல்பேசியைத் தொலைவிலேயே உயர்த்திப் பிடித்தால் அது வழியை வாய்விட்டுச் சொல்லும். இத்தகையன வரட்டும். அவையும் குரலுக்கே திரும்பி வருகின்றன என்பதையும் கவனிக்க வேண்டும். இன்று நம் நிலையங்கள் பலவற்றிலும் காணும் மஞ்சள் நிறப் புடைப்புக் கற்களோ கணினி ஏதுமற்றவை. 1965இல் ஜப்பானியர் செயீச்சி மியாகே கண்டுபிடித்து, 1967 மார்ச்சில் ஒக்காயாமா நகரில் முதன்முதல் பதித்த கல் அது. பாதத்தால் படிக்கும் எழுத்து அது. அதன்மேல் கடைக்காரர்கள் பெட்டிகளை அடுக்கிவைப்பதைத் தடுக்கப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டுவதில்லை.

புத்துயிர் என்று சொல்லும்போது அழகையும் நாம் ஒதுக்கிவிடவில்லை. இலண்டன் சுரங்க வண்டிகளில் 1986 முதல் கவிதைகளை ஒட்டி வருகிறார்கள். நம் அரசுப் பேருந்துகளில் ஓட்டுநரின் பின்புறம் குறள் எழுதும் வழக்கம் பல்லாண்டுகளாக உண்டு. எழுத்துக்கூட்டக் கற்கும் சிறுவர் எத்தனை பேர் அதைப் படித்துப் பழகியிருப்பர்! இரவு பதினொரு மணிக்கு மேல், வண்டிகள் குறைந்த வேளையில், அந்தச் சுவரளவுப் பலகையில் நகைக்கடைக்குப் பதிலாக நான்கு வரிக் கவிதையும், அவ்வூரின் பழைய ஒளிப்படமும் தோன்றினால் காத்திருப்போரின் களைப்பு சிறிதேனும் குறையும். சிங்கப்பூரின் தொடர்வண்டிகளில் நான்கு மொழிகளுள் ஒன்றாகத் தமிழ் அறிவிப்பு ஒலிக்கும்போது நம்மவர் மனம் குளிர்வதை அங்குச் சென்று வந்த பெரியோர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அங்கே குளிரும் மனம் இங்கே நொறுங்கிய எழுத்தைக் கண்டு குளிர வழியில்லை.

இவ்விடத்தில் தமிழ்த்துறைக்கும் ஒரு பங்கு உண்டு என்பது நம் கருத்து. பலகைகளில் வரும் தமிழை இப்போது யார் எழுதுகிறார்கள்? பெரும்பாலும் கணினியே மொழிபெயர்க்கிறது போலும். சில வரிகளைக் கண்டால் அப்படித்தான் எண்ணத் தோன்றுகிறது. குறுகிய, தெளிவான, கிழவியும் சிறுவனும் கேட்டவுடன் விளங்கிக்கொள்ளும் நூறு அறிவிப்பு வாக்கியங்களை எழுதிக்கொடுப்பது ஒரு கல்லூரித் தமிழ்த்துறைக்கு ஒரு வார வேலை. 'நடைமேடை' என்பது மக்கள் வாயில் வந்துவிட்ட சொல். அதை மாற்ற வேண்டா. 'கால தாமதமாக இயக்கப்படும்' என்பதைவிட 'நாற்பது நிமிடம் பிந்தி வரும்' என்பது காதில் நிற்கும். மரபுத்தமிழ் அறிந்த நாம் இதைச் செய்வதால் நம் புலமைக்கு இழுக்கில்லை. கூத்தனுக்கு விளங்கும்படி வழி சொன்னவரே பெருங்கௌசிகனார்.

எம் துறையின் இரண்டாமாண்டு மாணவர்கள் சிலர், வரும் விடுமுறையில் ஞாயிறுதோறும் அருகிலுள்ள நிலையங்களில் ஆளுக்கு இரண்டு மணி நேரம் நின்று, வழி தெரியாதோர்க்கு உதவவும், அவர்கள் கேட்கும் கேள்விகளைக் குறித்து வரவும் இசைந்திருக்கின்றனர். குறிப்பேடுகள் தைத்தாகிவிட்டன. முதற்பக்கத்தில் ஒவ்வொரு பயணியிடமும் கேட்க வேண்டிய வினாவை எழுதிவைத்திருக்கிறோம்: 'பலகையைப் பார்த்தீர்களா, இல்லை, பக்கத்தில் நின்றவரைக் கேட்டீர்களா?'